வெள்ளைக் கோடு போட்ட பிரவுன் பெல்ட்

ஜூன் 4, திங்கள்

காலையிலிருந்து தூறல். என் பெண் கயலைச் சின்னப் பிள்ளைகள் கராத்தே கிளாஸிலிருந்து வெளியே அனுப்பிவிட்டார்கள். பதினாலு வயது முடிந்துவிட்டதாம். இனிமேல் பெரியவர்கள் கிளாஸ். அங்கே இவள் பெல்ட் செல்லாது, வெள்ளையிலிருந்து ஆரம்பிக்க வேண்டுமாம்.

ஐந்து வருஷம் போய்க் கடைசியில் வெள்ளை.

சொன்னது பிரேம் சார். நர்சரி ஸ்கூல் மைதானத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறவர். நேரில் சொல்லத் தைரியம் இல்லை, போனில்.

"மேடம், ஜூனியர் பெல்ட் வேற, சீனியர் பெல்ட் வேற. கயல் பெல்ட்ல நடுவுல ஒரு வெள்ளைக் கோடு ஓடுதில்ல, அது இருந்தா ஜூனியர்னு அர்த்தம்."

"நான் அதை டிசைன்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

"டிசைன் இல்ல மேடம்."

"அப்ப முதல் பெல்ட் கட்டும்போதே சொல்லியிருக்கணும் இல்ல?"

சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டார். நல்லாத்தான் இருந்தது சிக்னல்.

கயல் வாங்கினவை: மஞ்சள், ஆரஞ்சு, பச்சை, நீலம், பிரவுன். ஒவ்வொன்றுக்கும் டெஸ்ட். ஒவ்வொன்றுக்கும் பெங்களூரிலிருந்து சர்டிபிகேட். எல்லாம் லேமினேட் செய்து முன் ரூமில் மாட்டியிருக்கிறேன். சரக்கு வாங்க வருகிற பார்ட்டி எல்லாம் அதைப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவான்.

என் தொழிலில், மெஷின் துடைக்கிற பனியன் வேஸ்டில், வெள்ளைக்குத்தான் விலை கூட. கலர் மட்டம். கராத்தேயில் தலைகீழ்.

திருப்பூர் லோடு வந்தது. நாலு மூட்டை நனைந்திருக்கிறது. தார்ப்பாய் போட்டேன் என்று டிரைவர் சத்தியம் செய்கிறான். தார்ப்பாயே காய்ந்து கிடக்கிறது, மூட்டை மட்டும் எப்படி நனைந்தது என்று கேட்டேன். நாலையும் திருப்பி ஏற்றினேன்.

கயல் ஸ்கூலிலிருந்து வந்ததும் சொன்னேன்.

"தெரியும்மா. சார் போன மாசமே சொன்னாரு."

"ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"நீ சண்டைக்குப் போவ."

போகாமல்?

ஜூன் 5, செவ்வாய்

மேகம். மழை இல்லை. காற்று மட்டும், ஷெட் தகரம் நாள் முழுக்க அடித்துக்கொண்டது.

சாயங்காலம் பெரியவர்கள் கிளாஸ் போய்ப் பார்த்தேன். பாகலூர் ரோட்டில் டயர் கடைக்கு மேலே மாடி. தரையில் பச்சை ரப்பர் பாய். செவ்வாய், வியாழன், சனி. ஃபர்ஸ்ட் ஷிப்ட் முடித்து வருகிற கம்பெனி ஆட்கள்தான் முக்கால்வாசி. வேர்வை நாற்றம், கிரீஸ் நாற்றம். பொம்பளைகள் மூன்று பேர்.

மாஸ்டர் பேர் நாகராஜ். ஐம்பதுக்கு மேல் இருக்கும். முன்னே ஏதோ கம்பெனியில் ஃபிட்டர். கன்னடக்காரர், தமிழ் நல்லா வருகிறது, கோபம் வந்தால் மட்டும் கன்னடம். உட்காரச் சொல்லவில்லை. அங்கே உட்கார ஒன்றும் இல்லை என்பது வேறு.

விஷயத்தைச் சொன்னேன். தலையை ஆட்டினார்.

"வெள்ளைதான்மா. எல்லாருக்கும் அதேதான்."

"அஞ்சு வருஷம் சார். பிரவுன் வேணாம். நீலமாவது குடுங்க."

"இல்ல."

"பச்சை?"

சிரித்தார். "நீங்க என்ன யாவாரம் பண்றீங்க?"

"கம்பெனிங்களுக்குக் கையுறை தைச்சுக் குடுக்கறேன். பனியன் வேஸ்ட், ஏப்ரன்."

"அதான்."

அதான் என்றால் என்ன அர்த்தம்? கேட்டிருக்கணும். மூஞ்சியைப் பார்த்ததும் கேட்கப் பிடிக்கவில்லை.

"பெங்களூர் சர்டிபிகேட் இருக்குது சார். அஞ்சு."

"நான் அதெல்லாம் பாக்கறது இல்லம்மா. இங்க ஒரே பழக்கம். யாரு என்ன பெல்ட் கட்டிட்டு வர்றாங்களோ அந்த வரிசையில நிக்கணும். அந்த வரிசைக்கு என்ன நடக்குதோ அது அவங்களுக்கும் நடக்கும். போன வருஷம் சேலத்துலேருந்து ஒருத்தன் பிளாக் பெல்ட் கட்டிட்டு வந்தான். நான் ஒரு வார்த்த கேக்கல. ரெண்டாம் நாள் அவனே கழட்டிப் பைக்குள்ள வெச்சிட்டான்."

சர்டிபிகேட் பார்ப்பதில்லை. கட்டி வருகிற பெல்ட்தான் கணக்கு. வண்டியில் வரும்போது இதையேதான் யோசித்துக்கொண்டு வந்தேன்.

இனிமேல் நா.மா. என்று எழுதுகிறேன். முழுப் பேர் எழுதும் அளவுக்கு மரியாதை வரவில்லை.

தயிர் வாங்க மறந்தேன்.

ஜூன் 6, புதன்

வெயில் கொஞ்சம். நனைந்த நாலு மூட்டைக்குப் பதில் அனுப்புவதாகத் திருப்பூரிலிருந்து போன். அனுப்பினால் பார்க்கலாம்.

கயல் இனிமேல் போக மாட்டாளாம். காலையில் ஜடை பின்னும்போது சொன்னாள், முதுகைக் காட்டிக்கொண்டு.

"நைன்த் வந்துட்டேன்மா. படிக்கணும். கராத்தே போதும்."

"படிக்கறதுக்கா?"

ரிப்பனை எடுத்துப் பின்பக்கமாக நீட்டினாள்.

"மூஞ்சியைத் திருப்பிச் சொல்லுடி."

"வெள்ளை கட்டிட்டு நிக்க முடியாதும்மா. எனக்குக் கீழ இருந்த பசங்க எல்லாம் அங்க கீழ மைதானத்துல பச்சை, நீலம்னு நிக்கும். அதுல அந்த ஹரிணி சிரிப்பா."

"சிரிச்சா சிரிக்கட்டும்."

"உனக்குச் சொல்றது ஈஸி."

என் வீட்டுக்காரர் ராத்திரி ஷிப்ட் முடித்து அப்போதுதான் வந்திருந்தார். விருதுநகர்க்காரர், எதையும் அவசரப்பட்டுச் சொல்ல மாட்டார், சொன்னால் உபயோகமாக இருக்காது. "எங்க ஊர்ல செலம்பத்துக்கு பெல்ட்டே கெடையாது தெரியுமா? வேட்டியத்தான் இறுக்கிக் கட்டணும்" என்றார். கயல் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இரண்டு பேருக்கும் தெரியாது. இங்கே எழுதி வைக்கிறேன். கல்லாவியிலிருந்து கல்யாணமாகி வந்து மத்திகிரியில் ஒண்டுக்குடித்தன வீட்டில் ஒரே மெஷின் போட்டுக் கையுறை தைத்தேன். மூட்டையை நானே தூக்கிக்கொண்டு கம்பெனி கம்பெனியாகப் போனேன். ஸ்டோரில் ஒருத்தன், கேட்டில் ஒருத்தன், டெம்போவில் ஒருத்தன். கை எங்கெங்கே வந்தது என்று எழுத வேண்டாம். என்னிடம் இருந்தது துணி வெட்டுகிற கத்தரிக்கோல். பையின் மேலாப்பிலேயே வைத்திருப்பேன், பிடி வெளியே தெரிகிற மாதிரி.

போன டிசம்பரில் டவுன் பஸ்ஸில் ஒருத்தன் கயல் மேல் சாய்ந்திருக்கிறான். இவள் ஒரு வார்த்தை பேசவில்லை, அவன் சுண்டுவிரலை மட்டும் பிடித்துப் பின்னால் திருப்பியிருக்கிறாள். அடுத்த ஸ்டாப்பில் இறங்கிவிட்டான். அவன் ஸ்டாப் அது இல்லை. வீட்டுக்கு வந்து சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள், பரீட்சையில் மார்க் வந்த மாதிரி.

அதற்காகத்தான் இத்தனையும். இப்போது நிறுத்தினால் அந்தக் கை மறந்துவிடும். நிறுத்தவிட மாட்டேன்.

ஜூன் 7, வியாழன்

தூறல். கரண்ட் பதினொன்று வரை இல்லை.

நினைத்திருந்த வேலையை முடித்தேன். ஏப்ரன் ஆர்டரில் மிஞ்சின பிரவுன் டிரில் துணி இருந்தது. நாலு விரல் அகலத்துக்கு வெட்டி மடித்து, உள்ளே கெட்டிக்கு நாடா வைத்து, நீளவாட்டில் எட்டு வரிசை தையல். கடையில் வாங்கினது மாதிரியே. நடுவில் கோடு கிடையாது. முழு பிரவுன்.

தைத்தது முனியம்மா. என்னிடம் பழைய ஆள், வாய்க்குப் பூட்டு இல்லை.

"இன்னாக்கா இது, மாட்டுக்குக் கட்டவா?"

"கயலுக்கு."

"பாப்பாவைக் கட்டி வெக்கிற அளவுக்கு இன்னா பண்ணிச்சு?"

ஷெட்டே சிரித்தது. ஆறு மெஷினும் நின்றது. அதட்டி ஓட்டினேன்.

சாயங்காலம் கயலிடம் கொடுத்தேன். கையில் வாங்கி இரண்டு பக்கமும் திருப்பினாள். கோட்டைத் தேடினாள்.

"இது பொய்தானேம்மா?"

"எதுடி பொய்? துணி நெசம். தையல் நெசம். நீ போன அஞ்சு வருசம் நெசம். அந்த மாஸ்டரு இது எந்தக் கடையில வாங்கினதுன்னு கேக்கப்போறதில்ல. அவரே சொன்னாரு."

"அடிச்சா?"

"நீயும் அடி. எதுக்குப் போன இத்தன நாளா?"

பாத்ரூம் கண்ணாடி முன்னால் கட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கதவு இடுக்கில் பார்த்தேன். முடிச்சை இழுத்து, நிமிர்ந்து, ஒரு குத்து விட்டாள் காற்றில். முகத்தில் அந்தக் களை. போவாள்.

ஜூன் 9, சனி

மழை. நடந்ததை நடந்த மாதிரி எழுதுகிறேன்.

ஐந்தே முக்காலுக்குக் கூட்டிப் போனேன். வாசலில் செருப்புகள் குவியல். கயல் உள்ளே போய்க் குனிந்து வணங்கினாள். நா.மா. அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு இடுப்பைப் பார்த்தார். பிறகு வாசலில் நிற்கிற என்னைப் பார்த்தார். கையை மட்டும் நீட்டினார், பிரவுன் வரிசை அங்கே என்று.

அவருக்குத் தெரியும். செவ்வாய்க்கிழமை நானே என் வாயால் சொல்லியிருக்கிறேன், ஜூனியர் என்று. தெரிந்தே நிறுத்தினார்.

முதல் அரை மணி நன்றாகப் போனது. கட்டா என்பார்கள், எதிரில் ஆள் இல்லாமல் வரிசையாகச் செய்வது. கயல் சுத்தமாகச் செய்தாள். பக்கத்தில் ஒரு மீசைக்காரன் இரண்டு இடத்தில் திணறினான், இவள் திணறவில்லை. எனக்கு நெஞ்சு கொள்ளவில்லை. பார்த்துக்கோ நாகராஜா என்று மனசுக்குள் சொன்னேன்.

அப்புறம் ஜோடி ஜோடியாக நிற்கச் சொன்னார். பிரவுனில் பொம்பளை ஒருத்திதான் இருக்கிறாள், பேர் சரளா. தெலுங்குக்காரி, இருபத்தஞ்சு இருபத்தாறு வயசு இருக்கும், ஏதோ எலக்ட்ரானிக் கம்பெனி லைனில் வேலை. கட்டையான உடம்பு. அவளுக்கு எதிரில் என் பெண்.

முதல் உதை விலாவில். கயல் "அம்" என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பின்னால் போனாள், திரும்ப வந்தாள். வந்த வேகத்தில் கையைக் கீழே விட்டுவிட்டாள். அடுத்த குத்து வாயில்.

ரத்தம். வெள்ளை டிரஸில் சொட்டு சொட்டாக.

கயல் உட்கார்ந்தாள். எழுந்தாள். திரும்பக் கையை உயர்த்தி நின்றாள். நான் ஓடிவிட்டேன் உள்ளே.

"செருப்பு!"

கத்தினது நா.மா. நான் செருப்போடு அந்தப் பாய் மேல் நின்றேன், மழைச் சேற்றோடு. எல்லாரும் நின்றுவிட்டார்கள். முப்பது பேர் என் காலைப் பார்க்கிறார்கள். கழற்றவில்லை. எதற்குக் கழற்றணும்?

"குழந்தையைப் போட்டு அடிக்கறியே, உனக்கு வெக்கமா இல்ல?" சரளாவைத்தான்.

"குழந்தைன்னு யாருக்கா சொன்னது? பிரவுன் கட்டிட்டு வந்து நிக்குது. நான் பாதிதான் விட்டேன்."

"பாதியா இது? ரத்தம் தெரியல?"

"உங்களத் தெரியும்க்கா எனக்கு. உங்க கிளவுஸ்தான் எங்க லைன்ல போடறோம். விரல் நுனியில தையல் பிரியுது, நாங்க யார்கிட்ட போய்க் கத்தறது?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். அந்த மீசைக்காரன்தான்.

நா.மா. பக்கம் திரும்பினேன். "தெரிஞ்சேதான நிறுத்தினீங்க?"

"ஆமா."

"அடிபடும்னு தெரியும்?"

"தெரியும். நீங்க கட்டி அனுப்பினீங்க, நான் வரிசையில நிறுத்தினேன்."

"போலீசுக்குப் போவேன்."

"பேடாம்மா, இங்க ஜகளா பேடா. மொதல்ல காலைப் பாயிலிருந்து எடுங்க." கன்னடம் வந்துவிட்டது, இங்கே சண்டை வேண்டாமாம். கோபம் வந்திருக்கிறது என்று அர்த்தம். வரட்டும்.

அப்போதுதான் கயலைப் பார்த்தேன். அவள் என்னையும் பார்க்கவில்லை, சரளாவையும் பார்க்கவில்லை. முடிச்சை அவிழ்த்தாள். பெல்ட்டை மடித்தாள், அவர்கள் சொல்லித் தந்த மாதிரி நாலாக. எல்லார் முன்னாலும் என் கையில் வைத்தாள். நா.மா.வுக்குக் குனிந்து வணங்கினாள். சரளாவுக்கும். எனக்கு இல்லை.

மாடிப்படியில் நான் முன்னால், அவள் பின்னால். மழையில் வண்டி.

டாக்டர்: உள் உதட்டில் கிழிசல், தையல் வேண்டாம். பல் கெட்டி. விலா சரி.

ஜூன் 10, ஞாயிறு

மேகமூட்டம். உதடு வீங்கியிருக்கிறது. கஞ்சி கொடுத்தேன். குடித்தாள்.

"வலிக்குதாடி?"

கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"வலிக்குதா?"

"அதையே எத்தன தடவ கேப்ப?" நேற்றிலிருந்து பேசின முதல் வார்த்தை. அதுவும் கடைசி.

பிரேம் சாருக்குப் போன் போட்டு வாங்கு வாங்கு என்று வாங்கினேன். ஐந்து வருஷத்தில் ஒரு தடவையாவது எதிரில் ஆளை நிறுத்தி அடிக்கக் கற்றுக்கொடுத்தீரா என்று.

"இல்ல மேடம். பிள்ளைங்க மேல கை பட்டா பேரண்ட்ஸ் சண்டைக்கு வர்றாங்க. தொடாம நிறுத்தறது மட்டும்தான் சொல்லிக் குடுக்கறோம்."

"எந்த பேரண்ட்ஸ்?"

"நீங்களே வந்தீங்க மேடம். ஆரஞ்சு டைம்ல. ஒரு பையன் கை மூக்குல பட்டுடுச்சுன்னு."

அது வேறு. அவன் வேண்டுமென்றே செய்தான். போனை வைத்தேன்.

வக்கீல் ஒருத்தரை விசாரித்தேன், கையுறை வாங்குகிற கம்பெனிக்கு வருகிறவர். "கிளாஸ்ல அடிபட்டதுக்கெல்லாம் கேஸ் நிக்காது. முதல் கேள்வியே பெல்ட் யார் கட்டினதுன்னு வரும்" என்றார். இவருக்கு எப்படி பெல்ட் விஷயம் தெரியும்? நான்தான் சொன்னேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

வீட்டுக்காரர் சாயங்காலம் தூங்கி எழுந்து என்னிடம் மெதுவாக: "புள்ள திரும்ப எந்திரிச்சு நின்னுச்சாமே."

"யார் சொன்னா?"

"அதுவே சொல்லுச்சு."

அவரிடம் பேசியிருக்கிறாள். என்னிடம்தான் இல்லை.

"நின்னதாலதான் நான் ஓடினேன். இன்னொண்ணு விழும்னு."

"விழுந்திருக்கும். அதுக்கென்ன?"

அதுக்கென்னவாம். பெற்றது நான்.

ஜூன் 11, திங்கள்

வெயில். பனியன் வேஸ்ட் பதில் மூட்டை வந்தது, காய்ந்தது.

கையுறை பத்து ஜோடி எடுத்து விரல் நுனியை இழுத்துப் பார்த்தேன். மூன்று பிரிந்தது. அந்தச் சரளா சொன்னது சரி என்று எழுத மாட்டேன். நூலை மாற்றச் சொன்னேன், நுனியில் இரண்டாவது தையல் போடச் சொன்னேன். முனியம்மா "இப்பத்தான் கண்ணு தெரிஞ்சுதா, நான் தீவாளியிலேருந்து சொல்றேன்" என்கிறாள். இவளும் என் எதிரிதான்.

கயல் ஸ்கூல் போனாள். உதட்டைப் பார்த்து டீச்சர் என்ன என்று கேட்டதற்குக் கீழே விழுந்தேன் என்றாளாம். பக்கத்து வீட்டுப் பெண் சொல்லித் தெரிந்தது. ஏன் பொய் சொல்லணும்? அடித்தவள் பேரைச் சொல்லணும்.

முன் ரூம் சுவரில் ஐந்து சர்டிபிகேட்டும் இல்லை. ஆணி மட்டும். கேட்டேன். "பீரோ மேல இருக்குது" என்றாள்.

ஜூன் 12, செவ்வாய்

தூறல் விட்டு விட்டு.

ஆறு மணிக்குக் கயல் வீட்டில் இல்லை. டியூஷன் இல்லாத நாள். டிரஸ் பையும் இல்லை. முனியம்மா மெஷினைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள், அவள் அப்படி உட்கார்ந்தால் ஏதோ இருக்கிறது.

"சொல்லுடி."

"பாப்பா ஸ்கூல் விட்டதும் வந்துச்சு. வெள்ளைத் துணி கேட்டுச்சு. தைச்சுக் குடுத்தேன். உனக்குத் தைச்சேன், அதுக்குத் தைக்கக்கூடாதா?"

வண்டியை எடுத்தேன். படி ஏறும்போதே காலில் இருந்ததைக் கழற்றினேன். உள்ளே போகவில்லை. வாசல் தூணுக்கு இந்தப் பக்கம் நின்றேன்.

கடைசி வரிசை. வெள்ளை பெல்ட்கள் ஐந்து பேர். அதில் ஒருத்தன் தொப்பையோடு, நாற்பது வயசு, செக்யூரிட்டி வேலைக்காரனாம். அவன் பக்கத்தில் என் பெண், வீங்கின உதட்டோடு, முதல் நாள் பாடம் செய்கிறாள். நிற்பது, மூச்சு விடுவது, கையை மடக்குவது. ஐந்து வருஷம் செய்ததை முதலிலிருந்து. அந்தத் தொப்பைக்காரனுக்குக் கை தப்பாக வருகிறது, இவள் கண்ணால் காட்டுகிறாள் எப்படி என்று.

இதைப் பார்க்கவா அனுப்பினேன்? ஆனால் முகம் தெளிவாகத்தான் இருந்தது. அதையும் எழுதி வைக்கிறேன், எரிச்சலோடு.

தண்ணீர் குடிக்க விட்டபோது அந்தச் சரளா வெளியே வந்தாள்.

"அக்கா, உங்க பொண்ணு நல்லா நிக்குது. அன்னைக்கி எழுந்து நின்னுச்சே, நான் என் முதல் அடிக்கி வீட்டுக்குப் போயி ரெண்டு வாரம் வரல."

"நான் கேட்டேனா உங்கிட்ட?"

"கேக்கல."

"அப்புறம் என்ன?"

"சும்மா சொன்னேன்க்கா." போய்விட்டாள். கையுறை பற்றி அவளாகவே கேட்பாள் என்று பார்த்தேன். கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

முடிந்ததும் நா.மா. வந்தார். "நாளன்னைக்கி வாங்க. மூணு பேரும் பேசிக்கலாம். சத்தம் இல்லாம."

மூணு பேர் யார் என்று கேட்டேன். நானும் நீங்களும் யாவாரம் பேசினா என்ன ஆகும்னு பாத்துட்டோம், இந்தத் தடவை பொண்ணும் உக்காரட்டும் என்றார்.

வீட்டில் கயலிடம்: "எங்கிட்ட சொல்லாம போற அளவுக்கு ஆயிட்டியா?"

"சொன்னா நீ வருவ."

"சொல்லாமயே வந்தேன் இல்ல?"

"அதான்மா பிரச்சினை."

ஜூன் 14, வியாழன்

நல்ல மழை. ரோட்டில் தண்ணீர். டயர் கடைக்காரன் ஸ்டூல் மூன்று மேலே அனுப்பினான். ஆக இன்று உட்கார இடம் இருந்தது.

நானே ஆரம்பித்தேன். யார் முதலில் பேசுகிறார்களோ அவர்கள் விலைக்குத்தான் பேச்சு நிற்கும். ஒரு வருஷத்தில் பிரவுன் வேண்டும் என்றேன்.

நா.மா. கயலைப் பார்த்தார். கயல், "வேணாம் சார். வர்றப்ப வரட்டும்" என்றாள்.

"நீ சும்மா இருடி, நான் பேசறேன்."

"இது என் பெல்ட்டும்மா."

நா.மா. சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எழுந்து வந்திருப்பேன்.

அதற்குப் பிறகு என்னோடு பேரம் பேசினது கயல். அவர் சும்மா கேட்டுக்கொண்டிருந்தார். எனக்குக் கம்பெனி பர்ச்சேஸ் ஆட்களிடம் பேசிப் பழக்கம். அவர்கள் முகத்தில் எங்கே இறங்குவார்கள் என்று தெரியும். இவள் முகத்தில் தெரியவில்லை. யாரிடம் கற்றாளோ.

ஆண்களோடு ஜோடி நிறுத்தக்கூடாது என்றேன். "பஸ்ஸுல சாஞ்சது பொம்பளையா?" என்றாள். அந்தக் கண்டிஷன் போச்சு.

சரளாவோடு நிறுத்தக்கூடாது என்றேன். "அவங்ககூடதான் வேணும்" என்றாள். அதுவும் போச்சு.

பல்லுக்கு அடி படாமல் ரப்பர் கார்டு போடணும் என்றேன். நா.மா. உடனே சரி என்றார். முதல் நாளே தான் சொல்லியிருக்கணும் என்றும் ஒத்துக்கொண்டார். முதல் தடவையாக அந்த ஆள் ஒன்றில் இறங்கினார். நான் அதை அவருக்கு வரவு வைக்கப் போவதில்லை.

நா.மா.வுக்குப் புதுப் பாய் ஒன்று போட்டுத் தருகிறேன் என்றேன், செருப்புச் சேறு பட்டதற்கு. கயல் குறுக்கே, "எதுவும் தரக்கூடாது. பாய், கையுறை, ஸ்வீட் பாக்ஸ் எதுவும். தந்தா நான் வர மாட்டேன்" என்றாள். நா.மா. "கேட்டீங்க இல்ல?" என்றார். கேட்டேன். காது இருக்கிறது.

ஒத்துக்கொண்டவை:

வெள்ளையிலிருந்து. டெஸ்ட் எப்போது என்று மாஸ்டர் சொல்வார், நான் கேட்கக்கூடாது.

முதல் மூன்று மாதம் ஜோடி அடி கிடையாது. அதற்குப் பிறகு சரளா.

ஃபீஸ் மாதம் இருநூறு. எல்லாருக்கும் உள்ளதுதான். குறைக்கவும் இல்லை, கூட்டவும் இல்லை.

போக வர டவுன் பஸ். மழை என்றால் மட்டும் நான், அதுவும் டயர் கடை வாசல் வரை. படி ஏறக்கூடாது.

அடிபட்டு வந்தால் யார் அடித்தது என்று கேட்கக்கூடாது. மாஸ்டருக்குப் போன் போடக்கூடாது. பிரேம் சாருக்கும்.

வலிக்குதா என்றாவது கேட்பேன், அதில் இறங்க மாட்டேன் என்றேன். கயல் ஒரு தடவை கேட்கலாம் என்றாள். இரண்டு என்றேன். ஒன்றுதான் என்றாள். சரி என்றேன்.